தெருக்குத்து வீடு

ஞாயிற்றுக்கிழமை காலை சிந்துஜா சமையல்கட்டில் உட்கார்ந்து வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோதுதான் கடைசி வீட்டு இளஞ்செழியன் வந்தான். கூடவே ஓர் ஆள், கையில் அளக்கிற டேப்போடு. ‘வாங்க’ என்று யாரும் சொல்லும்வரை அவர்கள் நிற்கவில்லை. அந்த ஆள் டேப்பின் ஒரு முனையை வாசல் ஷட்டரில் மாட்டிவிட்டு மறுமுனையை இழுத்துக்கொண்டு நேரே உள்ளே வந்தான்.

“கொஞ்சம் கால நவுத்துங்க மேடம்.”

சிந்துஜா காலை நகர்த்தவில்லை. “இன்னாத்துக்கு அளக்குறீங்க?”

அவன் பதிலுக்கு இளஞ்செழியனைப் பார்த்தான். இளஞ்செழியன் அவள் அப்பா கண்ணையனிடம், “உக்காருங்க மாமா, பேசணும்” என்றான். அவர் வீட்டிலேயே அவரை உட்காரச் சொல்கிற துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று சிந்துஜாவுக்கு அப்போது புரியவில்லை. அடுத்த வாக்கியத்தில் புரிந்தது.

“தப்பா நெனைக்காதீங்க மாமா. வில்லங்கம் போட்டுப் பாத்தேன். இந்த வீடு எங்கம்மா பேர்லதான் இருக்குது. ரோடு இப்ப பெருசாயிடுச்சில்ல, ஒரு மெடிக்கல்காரரு கடைக்கு வாடகைக்குக் கேக்குறாரு. பொங்கல் வரைக்கும் இருங்க. அதுக்குள்ள ஒரு எடம் பாத்துக்குங்க.”

கண்ணையன் சிரித்தார். வேலை பார்த்த மில் மூடியபோதும் இப்படித்தான் சிரித்தார் என்று அம்மா சொல்வாள். “டேய், உங்கப்பன் என் கையில அடிச்சு சத்தியம் பண்ணி வீட்ட மாத்திக்கினான்டா.”

“அப்பாதான் இப்ப இல்லையே மாமா.”

“அப்ப நீங்க இருக்கிற வீடு?” என்று சிந்துஜா கேட்டாள்.

“அதுல பதினெட்டு வருசமா இருக்கோம் சிந்து. டைல்ஸ் போட்டிருக்கோம், மோட்டார் எறக்கியிருக்கோம்.”

“நாங்க மட்டும் இத்தன வருசம் எங்க இருந்தோம்? மரத்து மேலயா? பேப்பர் இருக்கிற எடத்துல பேப்பரக் காட்டுவ, டைல்ஸ் இருக்கிற எடத்துல டைல்ஸக் காட்டுவ. நல்லா இருக்குதே உன் ஞாயம். அந்தாளு டேப்பச் சுருட்டச் சொல்லு. அருவாமண என் காலுக்கடியிலதான் இருக்குது.”

டேப் சுருண்டது. அவர்கள் போனபிறகும் வெங்காயம் பாதியில் கிடந்தது. அம்மா ஜெயம் மட்டும் ஒரு வார்த்தை பேசாமல் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அவள் அப்படித்தான் என்று சிந்துஜா விட்டுவிட்டாள்.

இதன் முன்கதை கருவடிக்குப்பத்தில் அவர்கள் இருக்கிற வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும். தெரியாதவர்களுக்குக் கண்ணையனே சொல்லிவிடுவார்.

அவரும் இளஞ்செழியனின் அப்பா சக்கரபாணியும் மில்லில் ஒரே ஷிப்ட்டில் வேலை பார்த்தவர்கள். வாய்க்கால் கரையில் பக்கத்துப் பக்கத்துக் குடிசை. கரையைக் காலி செய்த சர்க்கார், குடிசைக்காரர்களுக்கு இங்கே வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள் கட்டிக் கொடுத்தது. யாருக்கு எந்த வீடு என்று சீட்டுக் குலுக்கினார்கள். கண்ணையன் குடும்பத்துக்கு விழுந்தது வரிசையின் கடைசி வீடு. அதற்கப்பால் மதில், பாதை கிடையாது. சக்கரபாணி குடும்பத்துக்கு விழுந்தது தெருக்குத்து வீடு. எதிரே வருகிற தெரு நேராக வந்து அதன் வாசலில்தான் முட்டும். அப்படிப்பட்ட வீட்டில் குடியேறினால் குடும்பத் தலைவன் தங்கமாட்டான் என்பார்கள். சக்கரபாணி சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுதாராம்.

கண்ணையன் கறுப்புச் சட்டைக்காரர். சாமி, பேய், ராகுகாலம் ஒன்றும் கிடையாது. “தெரு வந்து குத்துதா? என்ன வந்து குத்தட்டும். நீ என் வீட்டுக்குப் போடா” என்று டீக்கடை பெஞ்சிலேயே வீட்டை மாற்றிக்கொண்டார். இரண்டு வருஷம் கழித்து சர்க்கார் பட்டா கொடுத்தது. பட்டா இரண்டும் குடும்பத்துப் பெண்கள் பேரில், அவர்கள் போட்டோ ஒட்டி வந்தன. சீட்டில் விழுந்தபடியே வந்ததால், தெருக்குத்து வீடு சக்கரபாணியின் மனைவி ராஜாம்பாள் பேரில். கடைசி வீடு ஜெயம் பேரில். அதற்கென்ன என்று நண்பர்கள் இருவரும் பட்டாவையும் மாற்றிக்கொண்டார்கள். காகிதம் எவன் பெட்டியில் இருக்கிறதோ வீடு அவனுடையது. அவர்களுக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான். அன்றிலிருந்து ஜெயத்தின் பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில், லேமினேஷன் போட்ட ராஜாம்பாள் முறைத்துக்கொண்டு கிடந்தாள். ராஜாம்பாள் பெட்டியில் ஜெயம் கிடந்தாள். யாருக்கும் இது விநோதமாகப் படவில்லை.

சக்கரபாணி பத்திரமான கடைசி வீட்டில் இருந்தும் மாரடைப்பில் போனார். கண்ணையனுக்குத் தெருக்குத்து வீட்டில் சர்க்கரைகூட வரவில்லை. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும் என்று கேட்பார் அவர். கல்யாணப் பந்தி, கட்சிக் கூட்டம், சலூன், எங்கேயும் இந்தக் கதை உண்டு. சின்ன வயசில் சிந்துஜாவுக்கு அப்பாவைவிடப் பெரிய ஆள் உலகத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தில், “எங்கப்பா தெருவையே மார்ல வாங்குறாரு” என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறாள்.

இப்போது அவள் நூறடி ரோட்டில் ஒரு கார் ஷோரூமில் இன்சூரன்ஸ் பிரிவில் இருக்கிறாள். “யாரு ஓட்டுறாங்கன்றது இல்ல சார், ஆர்.சி. யார் பேர்ல?” என்று நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை. அந்தக் குடும்பத்தில் முதலில் டிகிரி வாங்கியவள். அந்தப் படிப்பு பீரோ வரைக்கும் வரவில்லையே என்று அன்று தன்மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது. கார் விஷயத்தில் தெரிந்தது வீட்டு விஷயத்தில் ஏன் தெரியவில்லை? வீடு அப்பா சொன்ன கதையாக இருந்தது. கதைக்கு யாராவது ஆர்.சி. கேட்பார்களா?

அந்த வாரமே லீவு போட்டுவிட்டு, அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வக்கீல் பாக்கியலட்சுமியிடம் போனாள். கோர்ட்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேலே அலுவலகம். அந்தம்மா பட்டாவைத் திருப்பிப் பார்த்தார், போட்டோவைப் பார்த்தார், ஜெயத்தைப் பார்த்தார்.

“உங்கம்மாவுக்கு வீடு இருக்குது. ஆனா நீங்க இருக்கிற வீடு இல்ல, அவங்க இருக்கிற வீடு.”

“பதினெட்டு வருசமா மாத்திக்கினு இருக்கோம் மேடம்” என்றார் கண்ணையன்.

“வாயால மாத்திக்கிறதுக்கு இது சைக்கிளாய்யா? வீட்ட மாத்தணும்னா எழுதி ரிஜிஸ்டர் பண்ணணும். இத்தன வருசம் இருந்தோம்னு கேஸ் போடலாம். நீங்க போட்டா அவங்களும் போடுவாங்க. தீர்ப்பு வரும்போது உங்க பேரன் வந்து வாங்கிக்குவான்.”

“ஆனா நான் குடுத்தேன், அவன் வாங்கிக்கினான். ஊரே சாட்சி.”

“நீங்க எத குடுத்தீங்க? ரெண்டு வீடும் ரெண்டு பொம்பளைங்களுது. உங்க கையில குடுக்கறதுக்கு இன்னா இருந்துச்சு? அந்தம்மாகிட்ட கேட்டீங்களா, இந்தம்மாகிட்ட கேட்டீங்களா?”

சிந்துஜாவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறாள். டீக்கடை உண்டு, பெஞ்சு உண்டு, சக்கரபாணியின் அழுகை உண்டு. அம்மா எங்கேயும் இல்லை. அம்மா இல்லையே என்று அவளுக்கும் ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை.

அவசரமாக அடுத்த கேள்விக்குப் போனாள். “வீட்டுக்குள்ள இருக்கிற சாமானெல்லாம்?”

“செவுத்துல பூசினது, தரையில பதிச்சது வீட்டோட போவும். தூக்கினா வர்றது அவங்கவங்களுது. அதுலயும் ஒண்ணு இருக்குது. பட்டா பீரோவுல இருந்துச்சுன்னீங்களே, அந்த பீரோ யாருது?”

“நம்ம பீரோதான்” என்றார் கண்ணையன்.

“எங்கப்பா வாங்கிக் குடுத்தது” என்றாள் ஜெயம். அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அப்ப அது உங்களுதும்மா. சீரா வந்தது பொம்பளைக்குச் சொந்தம். வீட்டுக்காரருக்கும் இல்ல, நீங்க இருக்கிற வரைக்கும் இந்தப் பொண்ணும் கேக்க முடியாது. சரி, உங்களுக்கு எந்த வீடு வேணும்?”

“தெருக்குத்து வீடுதான். வேற எது?” என்றார் கண்ணையன்.

“நான் அம்மாவக் கேட்டேன்.”

ஜெயம் முந்தானை நுனியைப் பிரித்துப் பிரித்து மடித்தாள். “யோசிச்சு சொல்றேன் மேடம்.”

திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கூட்டத்துக்கு நடுவே அவள் திடீரென்று, “ரெண்டு அண்டா, கட்டிலு, குத்துவெளக்கு” என்றாள்.

“இன்னாம்மா?”

“ஒண்ணுமில்ல.”

சிந்துஜா அன்றைக்கே கடைசி வீட்டுக்குப் போய் இளஞ்செழியனை உட்கார வைத்து, அவன் பெட்டியில் இருந்த பட்டாவை அவனையே எடுத்துப் படிக்கச் சொன்னாள். அவன் படித்தான். அவன் காலடியில் பளபளத்த டைல்ஸ் ஜெயத்தின் தரையில் பதிந்திருந்தது. “பேப்பர் ஞாயம்னா ரெண்டுத்துக்கும் பேப்பர் ஞாயம். நாங்க பொங்கல் வரைக்கும்லாம் டைம் குடுக்க மாட்டோம், போகிக்கே காலி பண்ணணும்” என்றாள். அவன் முகம் சுண்டியது. அவன் கெட்டவன் இல்லை. கடன் வாங்காமல் நாலு காசு வருகிறதே என்று ஆசைப்பட்டவன். ஆசை வந்தால் கண்ணில் ஒரு பட்டாதான் தெரியும் போலிருக்கிறது. கடைசியில், அவரவர் இருக்கிற வீடு அவரவருக்கே என்று பரிவர்த்தனைப் பத்திரம் எழுதிப் பதிந்துவிடலாம் என்று ஒத்துக்கொண்டான். மெடிக்கல்காரரிடம் வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டான்.

சிந்துஜாவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவள் வளர்ந்த வீடு, அப்பாவின் கௌரவம், தெருமுனையில் பஸ், எல்லாம் தப்பித்தது. பத்திரத்தின் வரைவை வக்கீல் எழுதிக் கொடுத்தார். அதை எல்லாருக்கும் படித்துக் காட்ட ஒரு சாயங்காலம் ராஜாம்பாள் இருக்கிற கடைசி வீட்டில் கூடினார்கள். மூட்டுவலிக்காரி ராஜாம்பாள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். சிந்துஜா முழுசும் படித்து, “வெள்ளிக்கிழமை ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அம்மாவும் அத்தையும் கையெழுத்து போட்டா முடிஞ்சிச்சு” என்றாள்.

“நான் போட மாட்டேன்” என்றாள் ஜெயம்.

எல்லாரும் ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்று காத்திருந்தார்கள்.

“இன்னாடி சொல்ற?” என்றார் கண்ணையன்.

“இந்த வீடு என்னுதுன்னு அந்தம்மா சொல்லிச்சில்ல. எனக்கு இந்த வீடு போதும்.”

“அம்மா, அங்க உனக்கு இன்னா கொற?” சிந்துஜாவின் குரல் உயர்ந்தது. “உனக்காகத்தான் நான் லீவு போட்டு அலைஞ்சேன்.”

“எனக்காகவா?” ஜெயம் சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். “தெருவுல அந்தக் கோடியில வர்றவனுக்கு நான் சோறு திங்கறது தெரியும்டி. துணி மாத்தணும்னா கதவச் சாத்தணும். கதவச் சாத்தினா காத்து இல்ல. பதினெட்டு வருசமா வாசலுக்கு முதுகக் காட்டினு திங்கறேன். ராத்திரில வண்டிக்காரன் திரும்பினா வெளிச்சம் மூஞ்சிலதான் அடிக்கும். ரெண்டு தடவ ஆட்டோ வந்து செவுத்துல மோதிச்சு. உங்கப்பாரு வெளிய போய், ‘பாத்தியா, ஒண்ணும் ஆவல’ன்னாரு. உள்ள நான்தான் தூங்காம உக்காந்துனு இருந்தேன்.”

அம்மா ஏன் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறாள் என்று சிந்துஜா எப்போதாவது யோசித்திருந்தால், கூச்சம் என்று யோசித்திருப்பாள். மூடநம்பிக்கையை எதிர்த்து அப்பா நடத்திய போராட்டம் என்று அவள் நினைத்திருந்ததில், அந்த வாசலில் நிறுத்தப்பட்டவள் அம்மா. கதை சொன்னவர், மில் மூடியபிறகு கிடைத்த நைட் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவார். தெரு வந்து குத்திய இடத்தில் படுத்திருந்தவள் இவள். சிந்துஜாவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவளால் உடனே சொல்ல முடியவில்லை.

“இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னாம்மா?”

“யாரு கேட்டா?”

இளஞ்செழியன் தொண்டையைச் செருமினான். “அத்த, இதுல நாங்க எவ்ளோ செலவு பண்ணியிருக்கோம்...”

“நீ சும்மா இருடா” என்றாள் ராஜாம்பாள். அவள் காலை மடக்கிக் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். “ஏ ஜெயம், நெசமாத்தான் சொல்றியா? அப்ப நான் அங்க போயிடட்டுமா?”

“யம்மா!”

“இன்னாடா யம்மா? தெருக்குத்துக்குப் பயந்தது உங்கப்பன். நான் எங்கடா பயந்தேன்? இந்த மூலையில என்னக் கொண்டாந்து போட்டீங்க. பக்கத்துல மதிலு. ஒரு காக்கா வந்தா உண்டு. காலு நடக்கிற வரைக்கும் தெருமுனைக்குப் போய் நாலு பேரப் பாத்தேன். இப்ப முடியல. அங்கன்னா உக்காந்த எடத்துல ஊரே எதுருல வரும். யாரு போறா, யாரு வர்றா, யாரு எவனோட வண்டியில போறா...”

“இதுக்குத்தான் அங்க போவணும்றியா?” என்றான் மகன்.

“ஆமா, இதுக்குத்தான். என் வீடு, நான் எதுக்கு வேணாலும் போவேன். மெடிக்கலுக்கு வுடறதா நான் எப்ப சொன்னேன்? என்னக் கேட்டியா நீ?”

சிந்துஜா கையிலிருந்த வரைவைப் பார்த்தாள். அதில் தட்டச்சடித்திருந்த எதற்கும் இப்போது வேலை இல்லை. மாற்றி எழுதவோ பதியவோ ஒன்றுமில்லை. சர்க்கார் கொடுத்த காகிதம் ஆரம்பத்திலிருந்தே சரியாகத்தான் இருந்தது. ஆட்கள்தான் இடம் மாறி உட்கார்ந்திருந்தார்கள். ராஜாம்பாள் தலையணைக்கடியில் எடுத்து வைத்திருந்த ஜெயத்தின் பட்டாவை நீட்டினாள். ஜெயம் வாங்கி, தன் பழைய போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “எவ்ளோ ஒல்லியா இருந்திருக்கேன்” என்றாள்.

அதற்குப் பிறகு எது எந்த வீட்டோடு போகும் என்று கட்டிலிலேயே வழக்கு நடந்தது. டைல்ஸ் தரையோடு. மோட்டார்?

“அது போல்ட்ட கழட்டினா வரும்” என்றான் இளஞ்செழியன்.

“அப்படின்னா ஷட்டரும் வரும்” என்றாள் சிந்துஜா. படிப்பகம் திறக்கிறேன் என்று கண்ணையன் போட்ட ஷட்டர் அது. படிப்பகம் ஆறு மாதம்கூட ஓடவில்லை.

“மோட்டாருக்கு ஷட்டர் சரியாப் போச்சு. ரெண்டும் இருக்கிற எடத்துல இருக்கட்டும்” என்றாள் ராஜாம்பாள். ஃபேன்கள் அவரவருடையவை. கடைசி வீட்டு முருங்கை மரம் மட்டும் கொஞ்சம் இழுத்தது. மரம் ஜெயத்துக்கு, வாரம் ஒரு கட்டுக் கீரை ராஜாம்பாளுக்கு என்று முடிந்தது. ஆண்கள் இருவரையும் இதில் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கண்ணையன் வீட்டுக்கு வந்துதான் வெடித்தார். “நான் வர மாட்டேன். இத்தன வருசம் கழிச்சு கண்ணையன் தெருக்குத்துக்குப் பயந்து ஓடிட்டான்னு சொல்லுவானுங்க. எங்க போய் மூஞ்சியக் காட்டுறது?”

அப்பாவுக்காக எப்போதும் பேசுகிற சிந்துஜா அன்று பேசவில்லை. “சொன்னா பதில் சொல்லுப்பா. நல்லாதான பேசுவ” என்றாள். சொன்ன பிறகு அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பீரோத் துணிகளை மூட்டை கட்டப் போய்விட்டாள்.

ஒரு நல்ல நாளும் பார்க்காமல் புதன்கிழமை சாமான் மாற்றினார்கள். ஒரே வரிசைதான் என்பதால் வண்டி வேண்டியிருக்கவில்லை. ஒரு தள்ளுவண்டி, நாலைந்து கை. ஜெயத்தின் அண்டா போகும் வழியில் ராஜாம்பாளின் மெத்தை வந்தது. ஜெயத்தின் பீரோவுக்கு வழிவிட ராஜாம்பாளின் டி.வி. ஓரம் ஒதுங்கியது. தெருக்காரர்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பீரோவைத் தூக்கியவர்களிடம் ஜெயம், “பாத்து, எங்கப்பா வாங்கிக் குடுத்தது” என்று மூன்று வீடு தள்ளிக் கேட்கும்படி சொன்னாள். அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி சிந்துஜா கேட்டதில்லை.

மத்தியானத்துக்குள் தெருக்குத்து வீடு காலியானது. கண்ணையன் மட்டும் ஷட்டருக்கு முன்னால் தன் மர நாற்காலியைப் போட்டு, தெருவைப் பார்த்து அசையாமல் உட்கார்ந்திருந்தார். சிந்துஜா கூப்பிட்டாள், வரவில்லை. இளஞ்செழியன் கூப்பிட்டான், திரும்பியே பார்க்கவில்லை. ஜெயம் கூப்பிடவே இல்லை. அவள் தன் வீட்டில் அடுப்பு மூட்டப் போய்விட்டாள்.

ராஜாம்பாள் மகன் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் எதிரே நின்றாள்.

“அண்ணே, நாற்காலி உங்களுது. அது நிக்கிற தரை என்னுது. நான் உக்காரணும்.”

கண்ணையன் அவளை ஏறிட்டுப் பார்த்தார். வாதத்தில் தோற்காத மனுஷன். பதில் ஒன்று தேடுவது முகத்தில் தெரிந்தது. பிறகு எழுந்து, நாற்காலியைத் தலைகீழாகத் திருப்பித் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். சிந்துஜா பின்னாலேயே போனாள். நாலாவது வீட்டு வாசலில் நெடுமாறன், எதிர்பார்த்தபடியே, “இன்னா கண்ணையா, தெரு குத்திடுச்சா?” என்றான்.

அவர் நிற்கவில்லை. “ஜெயம் வூட்டுக்குப் போறேன்டா” என்றார்.

கடைசி வீட்டு வாசலில் ஜெயம் நின்றிருந்தாள். கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் நாற்காலியை இறக்கி வாசலுக்கு நேராக வைத்தார்.

“அங்க வேணாம், வழியில இருக்குது” என்றாள் ஜெயம். “உள்ள, அந்தச் செவுத்தோரமா போடுங்க.”

அவர் கொண்டுபோய் அங்கே போட்டார்.